நடுவில் நுரை, இருபுறம் கான்கிரீட்: பண்ணைச் சுவர்கள் வலுப்பெற்ற வரலாறு

வெப்பக்காப்புக் கான்கிரீட் பேனல் என்பது மூன்று அடுக்குச் சுவர். வெளிப்புறம் ஓர் அடுக்கு கான்கிரீட், உட்புறம் ஓர் அடுக்கு கான்கிரீட், இரண்டுக்கும் நடுவே வெப்பத்தை எளிதில் கடத்தாத இலகுவான பொருள். இன்று அந்த நடு அடுக்கு பெரும்பாலும் தெர்மோகோல் அல்லது அதன் இனத்தைச் சேர்ந்த நுரை. கான்கிரீட் சுமையைத் தாங்கும், நுரை குளிரையும் வெயிலையும் தடுக்கும் என்று சொன்னால் விஷயம் முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் இரண்டு கான்கிரீட் அடுக்குகளும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்பதில்தான் இந்தச் சுவரின் வலிமை இருக்கிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட இதன் வரலாறு அந்தப் பிடிப்பைத் தேடிய வரலாறு. அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்கும். அந்தச் சமவெளிகளில் மாட்டுத் தொழுவங்களுக்கும் பன்றிக் கூடங்களுக்கும் உருளைக்கிழங்குக் கிடங்குகளுக்கும் சுவர் எழுப்பியவர்களுக்கு இந்தத் தேடல் பிழைப்புப் பிரச்சினையாகவே இருந்தது.

கான்கிரீட் அமெரிக்கப் பண்ணைகளுக்குள் பரவலாக நுழைந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அந்நாட்டு வேளாண்மைத் துறை 1905-லும் 1911-லும் உழவர்களுக்காக வெளியிட்ட சிறு நூல்கள் சிமெண்ட்டும் மணலும் கலக்கும் விகிதம், பலகை அடித்து அச்சு கட்டும் முறை, தொட்டியும் வேலிக்காலும் தொழுவத் தரையும் வார்க்கும் வழி ஆகியவற்றைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தன. சிமெண்ட் நிறுவனங்களும் தம் பங்குக்குக் கையேடுகளை அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பின. 1916-இல் தொடங்கிய போர்ட்லாண்ட் சிமெண்ட் சங்கம் பண்ணைகளைத் தன் முக்கியச் சந்தைகளில் ஒன்றாகவே கருதியது. மரம் உளுத்துப்போகும், தீப்பிடிக்கும். கான்கிரீட்டுக்கு அந்த இரண்டு பயமும் இல்லை என்பதே உழவர்களிடம் எடுபட்ட வாதம்.

தரைக்கும் தொட்டிக்கும் சரியாக அமைந்த கான்கிரீட் சுவருக்கு வந்தபோது தொல்லை கொடுத்தது. கறவை மாடு ஒன்று மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஒரு நாளில் பத்து லிட்டர் அளவுக்கு நீரை ஆவியாக விடுகிறது. 40 மாடு கட்டிய தொழுவத்தில் இது 400 லிட்டர். வெளிக்குளிரில் சில்லிட்டுப்போன கான்கிரீட் சுவரின் உட்பக்கம் அந்த ஆவி நீராகப் படிந்து வழிந்தது. கடுங்குளிரில் உறைபனியாகவே ஒட்டிக்கொண்டது. நனைந்த சுவரும் நனைந்த படுக்கை வைக்கோலும் கால்நடைகளுக்கு நோயைக் கொண்டுவந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வேளாண் இயற்பியல் பேராசிரியர் ஃப்ராங்க்லின் ஹிராம் கிங் தொழுவங்களுக்கான காற்றோட்ட முறையை வகுத்து, 1908-இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். காற்றோட்டம் ஈரத்தை வெளியேற்றியது உண்மைதான். கூடவே மாடுகளின் உடல்சூட்டையும் வெளியேற்றிவிட்டது. சூட்டைத் தக்கவைக்கும் சுவர் இருந்தால்தான் காற்றோட்டத்துக்கும் இடம் கொடுக்க முடியும். இரட்டைச் சுவரும் நடுவில் காற்றுவெளியும் வேண்டும் என்ற எண்ணம் இந்த நெருக்கடியிலிருந்து வலுப்பெற்றது.

இரட்டைச் சுவரை ஒரே வார்ப்பில் செய்யும் வழியும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில் கிடைத்தது. இலினாய் மாநிலத்தில் ராபர்ட் எய்க்கன் சுவரை நிற்கவைத்து வார்க்காமல், சாயும் மேடையொன்றில் படுக்கவைத்து வார்த்து, இறுகியபின் மேடையோடு சேர்த்து நிமிர்த்தினார். இருபுறமும் பலகை அடிக்கும் செலவு இதனால் மிச்சமாயிற்று. இம்முறையைத் தழுவி 1906-ஐ ஒட்டிச் செய்யப்பட்ட ஒரு சுவர் இந்த வரலாற்றின் தொடக்கப்புள்ளியாகக் கருதப்படுகிறது. முதலில் இரண்டு அங்குலக் கனத்துக்குக் கான்கிரீட் ஊற்றினார்கள். அதன்மேல் இரண்டு அங்குலத்துக்கு மணல் பரப்பினார்கள். மணலின்மேல் மீண்டும் இரண்டு அங்குலம் கான்கிரீட். மேல், கீழ் அடுக்குகளை உலோகக் கம்பிகள் மணலை ஊடுருவி இணைத்தன. சுவரை நிமிர்த்தும்போது தண்ணீரைப் பீய்ச்சி மணலைக் கழுவி வெளியேற்றினார்கள். எஞ்சியது காற்றுவெளியுள்ள இரட்டைச் சுவர். இன்றைய பேனலின் எல்லாக் கூறுகளும் அதில் இருந்தன. நடுவே நிரப்ப ஏற்ற பொருள் ஒன்றுதான் இல்லை.

அந்தப் பொருள் வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று. தக்கை விலை அதிகம். ஆஸ்திரியாவில் 1908-இல் காப்புரிமை பெற்ற மரச்சுருள் பலகை ஐரோப்பாவில் பரவியது. 1930களின் இறுதியில் அமெரிக்காவில் கண்ணாடி நுரை சந்தைக்கு வந்தது. அது வலுவானது, ஈரம் ஏறாதது. ஆனால் பண்ணைக்குக் கட்டுபடியாகாதது. 1940களின் தொடக்கத்தில் டோ நிறுவனம் பிதுக்கி எடுக்கும் பாலிஸ்டைரீன் நுரையைச் செய்தது. 1950-ஐ ஒட்டி ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனத்தில் ஃப்ரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி சிறு மணிகளை ஆவியில் ஊதிப் பெருக்கி ஒட்டவைக்கும் முறையைக் கண்டறிந்தார். தமிழர்கள் தெர்மோகோல் என்று அறிந்திருப்பது இந்த இரண்டாவது வகையைத்தான். விலை மலிவு, வேண்டிய அளவுக்கு வெட்டலாம், ஈரக் கான்கிரீட்டின் நடுவே வைத்தாலும் குலையாது. இது கைக்கு வந்ததும் மணல் பரப்பிக் கழுவும் முறைக்குத் தேவை இல்லாமற்போனது.

பண்ணைகளும் அதே காலத்தில் மாறிக்கொண்டிருந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மத்திய மேற்கில் பன்றியும் கோழியும் மேய்ச்சல் வெளியிலிருந்து மூடிய கூடங்களுக்குள் வந்தன. பிறந்த பன்றிக்குட்டிக்கும் பொரிந்த குஞ்சுக்கும் முதல் சில நாட்களில் 32 டிகிரிக்கு மேற்பட்ட சூடு தேவை. வெளியே சுழியத்துக்குக் கீழ் 25 டிகிரி என்றால் சுவரின் இரு பக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 57 டிகிரி வேறுபாடு. குடியிருக்கும் வீட்டுச் சுவர்கூட இவ்வளவைச் சந்திப்பதில்லை. 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபோது கூடத்தைச் சூடாக்கும் எரிவாயுச் செலவு பண்ணையின் வரவுசெலவையே ஆட்டியது. வெப்பக்காப்பு என்பது அதன்பிறகு விருப்பத்துக்கு விட்ட விஷயமாக இருக்கவில்லை.

மரச்சட்டமும் தகரமும் நுரைப்பலகையும் கொண்டு இதைவிட மலிவாகச் சுவர் கட்டலாம். பெரும்பாலான பண்ணைகள் அப்படித்தான் கட்டின. கான்கிரீட்டின் பக்கம் சாய்ந்தவர்களுக்குக் கண்கூடான காரணங்கள் இருந்தன. எலி நுரையைக் குடைந்து கூடு கட்டும். கோழிக்கூடத்து எருவில் பெருகும் சிறு கருவண்டின் புழுக்கள் கூட்டுப்புழுவாகும் பருவத்தில் சுவருக்குள் ஏறி, நுரைப்பலகையைச் சல்லடையாகத் துளைத்துவிடும். சில ஆண்டுகளில் வெப்பக்காப்பு இருந்த இடத்தில் தூள்தான் மிஞ்சும். சுவரைக் கால்நடைகள் உதைக்கும், உரசும், கடிக்கும். ஒரு தொகுதி விலங்குகள் போனதும் கூடத்தை உயரழுத்தத் தண்ணீரால் கழுவிக் கிருமிநாசினி தெளிக்கவேண்டும். சாணக் கழிவிலிருந்து எழும் அமோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் தகரத்தையும் ஆணியையும் அரிக்கும். இரண்டு கான்கிரீட் அடுக்குகளுக்கு நடுவே அடைபட்ட நுரையை எலியும் வண்டும் தண்ணீரும் எளிதில் அடைய முடியாது. பண்ணையில் இந்தப் பேனல் செல்வாக்குப் பெற்றது முதலில் இந்தப் பாதுகாப்புக்காகத்தான். அதன் வலிமையை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்வி சற்றுத் தாமதமாகவே வந்தது.

அந்தக் கேள்வியின் அடிப்படையை ஒரு புத்தகத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். புத்தகத்தை வளைத்தால் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும். அதனால் எளிதாக வளையும். தாள்களையெல்லாம் ஒட்டிவிட்டால் அதே புத்தகம் மரக்கட்டைபோல விறைத்து நிற்கும். 75 மில்லிமீட்டர் கான்கிரீட், 75 மில்லிமீட்டர் நுரை, மறுபடி 75 மில்லிமீட்டர் கான்கிரீட் என்று ஒரு பேனலை எடுத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும். இரண்டு அடுக்குகளும் தடையின்றி நழுவினால் வளைவுக்கு எதிரான விறைப்பு ஓர் அடுக்கின் விறைப்பைப் போல வெறும் இரண்டு மடங்கு. கொஞ்சமும் நழுவாமல் முழுமையாகப் பிணைந்து நின்றால் விறைப்பு அதைப்போல் 13 மடங்காகிறது. விரிசல் விடுவதற்கு முன் தாங்கும் வளைவுச் சுமையும் நான்கு மடங்குக்கு மேல் கூடுகிறது. அதே அளவு கான்கிரீட்டை நுரையே இல்லாமல் 150 மில்லிமீட்டர் கனச் சுவராக வார்த்தால் கிடைக்கும் விறைப்பைவிடவும் பிணைந்த பேனலின் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல். ஒரு சல்லிக் கான்கிரீட் கூடவில்லை. நழுவலைத் தடுத்ததால் மட்டும் கிடைக்கும் பலன் இவ்வளவு.

எந்தப் பிணைப்பு எவ்வளவு நழுவலைத் தடுக்கிறது என்பதை ஏட்டுக்கணக்கில் சொல்ல முடியாது; செய்து, சுமையேற்றி, அளந்துதான் பார்க்கவேண்டும். இலினாயின் ஸ்கோக்கி நகரில் இருந்த போர்ட்லாண்ட் சிமெண்ட் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் ஃபைஃபரும் ஹான்சனும் இந்த வேலையை முறையாகச் செய்தார்கள். 50 பேனல்களை வார்த்து, பரப்பு முழுவதும் சீரான சுமை ஏற்றி, வளைவை அளந்து, 1965-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கான்கிரீட்டின் கனம், நடுப்பொருள், பிணைப்பின் வடிவம் ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சோதித்ததில் ஒரு விஷயம் துலக்கமாயிற்று. இரண்டு அடுக்குகளையும் செங்குத்தாக மட்டும் இணைக்கும் கம்பிகள் பிரிந்துபோகாமல் பிடிக்கின்றன, நழுவலைத் தடுப்பதில்லை. சாய்வாக வளைத்து, வரிசையாக முக்கோணங்கள் அமையும்படி பற்றவைத்த கம்பிகள் நழுவலைப் பெருமளவு தடுக்கின்றன. நுரையை இடையிடையே வெட்டி, அந்த இடைவெளியில் கான்கிரீட்டையே விலாபோல ஊற்றினால் பேனல் இன்னும் நன்றாகப் பிணைகிறது. வடிவம்தான் பொருட்டு என்ற இந்தப் பாடம் பிறகு வந்த எல்லா வடிவமைப்புகளுக்கும் அடித்தளமாயிற்று.

வலிமைக்கு உகந்த அந்த விலாவே வெப்பக்காப்புக்குப் பகையாக இருந்ததுதான் இந்தச் சுவரின் தீராத சிக்கல். கான்கிரீட் தெர்மோகோலைப்போல் சுமார் 45 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். அதாவது 75 மில்லிமீட்டர் நுரை செய்யும் வேலையைக் கான்கிரீட்டால் செய்யவேண்டுமானால் சுவர் மூன்று மீட்டருக்கு மேல் கனமாக இருக்கவேண்டும். இதைத் திருப்பிப் பார்த்தால், பேனலின் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கு இடத்தில் மட்டும் நுரையை விலக்கிக் கான்கிரீட் ஊற்றினாலே, எளிய கணக்கின்படி, மீதி நுரை முழுவதிலும் கசிவதற்கு ஏறக்குறைய இணையான வெப்பம் அந்த விலாக்கள் வழியாக ஓடிவிடும். உருக்குக் கம்பி இன்னும் மோசம்: தெர்மோகோலைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் கடத்தக்கூடியது. பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு உருக்கு ஊடுருவினாலே கசிவு வெகுவாகக் கூடும். முழுக் கான்கிரீட் விளிம்பு வைத்த பழைய பேனல்களில், குளிர்காலக் காலையில் உட்சுவரில் விலா எங்கே ஓடுகிறது என்பதை ஈரக்கோடே காட்டிக்கொடுத்துவிடும். ஆவி நிறைந்த பன்றிக் கூடத்தில் அந்தக் கோட்டில் பூஞ்சை படர்ந்தது.

எனவே பண்ணைச் சுவருக்கு உண்மையில் எவ்வளவு வலிமை தேவை என்று கேட்கவேண்டியிருந்தது. தேவைக்கு மேல் பிணைத்தால் நட்டம் வெப்பத்தில்.

காற்றிலிருந்து தொடங்கலாம். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் புயல்காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். மூன்று மீட்டர் உயரமுள்ள தாழ்ந்த பன்றிக்கூடச் சுவரில் இந்த அழுத்தம் உண்டாக்கும் இழுவிசையை, மேலே சொன்ன பேனலின் இரண்டு அடுக்குகளும் பிணைப்பே இல்லாமல் தனித்தனியாக நின்றாலும் தாங்கும்; கான்கிரீட் விரிசல் விடும் அளவில் நான்கில் ஒரு பங்கைக்கூட அது எட்டாது. கூரையின் பனிச்சுமையும் செங்குத்தாக இறங்குவதால் கான்கிரீட்டுக்குப் பாரமில்லை. தாழ்ந்த தொழுவத்துக்குப் பேனலின் வளைவு வலிமை ஒரு பெரிய கேள்வியே அல்ல என்பது பல கட்டுநர்கள் அனுபவத்தில் கண்டது. கணக்கும் அதையே சொல்கிறது.

சுவரின்மேல் ஏதாவது சாய்ந்தால் கதை மாறும். கூடத்தில் சாணம் கீழே விழ இடைவெளி விட்டு அமைத்த தளத்துக்குக் கீழே இருக்கும் கழிவுக்குழியில் 2.4 மீட்டர் ஆழத்துக்குத் திரவச் சாணம் நின்றால், அடியில் அது சுவரைத் தள்ளும் அழுத்தம் அந்தப் புயல்காற்றைப்போல் ஏறக்குறைய 24 மடங்கு. வெளியே மண் உள்நோக்கித் தள்ளும். குழி காலியாக இருக்கும் நாளில் அந்தத் தள்ளலுக்கு எதிர்ப்பே இல்லை. அதனால்தான் குழிச்சுவரை நுரையில்லாத கனத்த கான்கிரீட்டில் கட்டி, தரைமட்டத்துக்கு மேல் மட்டும் மூன்றடுக்குப் பேனலை நிறுத்தும் பழக்கம் பரவியது. குழியிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடை நுண்ணுயிர்கள் ஈரச்சுவரில் கந்தக அமிலமாக்குவதால், அங்கே கான்கிரீட்டின் தரமும் கம்பியை மூடும் கனமும் கூடுதலாக இருக்கவேண்டியிருந்தது.

உருளைக்கிழங்குக் கிடங்கு வலிமை, வெப்பக்காப்பு இரண்டையும் ஒரே சுவரிடம் கேட்டது. ஐடஹோவிலும் மெய்னிலும் வடக்கு டகோட்டாவின் சிவப்பு ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் கிழங்கைச் சாக்கில் கட்டாமல் ஐந்து மீட்டர் உயரத்துக்குக் குவித்து, நான்கு முதல் பத்து டிகிரிக்குள்ளும் நூற்றுக்கு 95 அளவு ஈரப்பதத்திலும் மாதக்கணக்கில் வைப்பார்கள். குவியல் சுவரைத் தள்ளும். சுவர் ஒரு துளி ஈரம்கூட உள்ளே படியவிடாமல் குளிரைத் தடுக்கவேண்டும். சொட்டிய ஈரத்தில் மேற்கிழங்கு அழுகும். தானியக் களஞ்சியச் சுவர்மீது வரும் அழுத்தத்தை ஜெர்மானியப் பொறியாளர் யான்சன் 1895-லேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். கிழங்குக் குவியலுக்குத் தனியே அளவீடுகள் வேண்டியிருந்தன. 1907-இல் தொடங்கிய அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கம் தானியத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் தனித்தனிச் சுமை விதிகளை வெளியிட்டது. இத்தகைய கிடங்குகளில்தான் பிணைந்த பேனல் தன் 13 மடங்கு விறைப்பை உண்மையாகப் பயன்படுத்தியது.

பேனலின் வாழ்நாளில் மிகக் கடினமான நாள் புயல் வீசும் நாளாக இருக்கவேண்டியதில்லை. பல சமயம் அது தூக்கும் நாள். 150 மில்லிமீட்டர் கான்கிரீட் உள்ள பேனல் சதுர மீட்டருக்குச் சுமார் 360 கிலோ. படுத்திருக்கும் பேனலைத் தூக்கும்போது அந்த எடை முழுவதும் வளைவுச் சுமையாகிறது. முன்சொன்ன புயல்காற்றைவிட மூன்றரை மடங்கு. அச்சுடன் ஒட்டியிருப்பதைப் பிய்த்தெடுக்கும் விசையும், கிரேன் சட்டென்று இழுக்கும் உலுக்கலும் அதன்மேல். அப்போது கான்கிரீட்டுக்கு ஒன்றிரண்டு நாள் வயதுதான். முழு வலுவில் பாதியைத் தாண்டியிருந்தால் அதிகம். கொட்டகையின் தரையையே மேடையாக்கிச் சுவரை அங்கேயே வார்த்து நிமிர்த்திய பண்ணைகளில், கொக்கி மாட்டும் இடத்தைத் தவறாக வைத்ததால் எழுந்து நிற்பதற்குள் பிளந்த பேனல்கள் உண்டு. கொக்கிகளை விளிம்பில் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால் நடுவில் வரும் வளைவு குறையும் என்பது இந்தத் தொழிலில் முதலில் கற்கவேண்டிய பாடம். தொழிற்சாலையில் வார்த்து லாரியில் கொண்டுவரும் முறை மேலோங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்: அங்கே அச்சு சமமாக இருந்தது, தூக்கும் புள்ளி கணக்கிட்டு வைக்கப்பட்டது, கம்பியை முன்னரே இழுத்துக்கட்டி வார்க்கவும் வசதி இருந்தது.

சுவர் எவ்வளவு மெலிதாக இருக்கலாம் என்பதிலும் விதிகள் நெடுங்காலம் அச்சத்தோடு எழுதப்பட்டிருந்தன. உயரத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்காவது கனம் வேண்டும் என்ற அனுபவ வரம்பு பரவலாக இருந்தது. 1980களின் தொடக்கத்தில் தென் கலிஃபோர்னியாவின் கட்டமைப்புப் பொறியாளர் சங்கமும் அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் அப்பகுதிக் கிளையும் சுமார் 24 அடி உயரமும் 4 அடி அகலமும் உள்ள முழு அளவுச் சுவர்களை நிறுத்தி, காற்றுப்பையால் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தன. உயரத்தில் அறுபதில் ஒரு பங்கே கனமுள்ள சுவர்கூட வெகுவாக வளைந்ததே தவிரச் சாய்ந்து விழவில்லை. 1982-இல் அறிக்கை வந்தது. 1988-இல் அமெரிக்க மேற்குப் பகுதியின் கட்டட விதித்தொகுப்பும் 1999-இல் அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் விதிகளும் அதை ஏற்றன. சோதிக்கப்பட்டவை நுரையில்லாத சுவர்கள். ஆனாலும் மெல்லிய சுவரைக் கனத்தால் அளக்காமல், விரிசலுக்குப் பின் எவ்வளவு வளைகிறது என்பதால் அளக்கலாம் என்ற பார்வை மூன்றடுக்குப் பேனலுக்கும் வழி திறந்தது.

வெயில் இன்னொரு விதத்தில் சுவரை வளைத்தது. கோடையில் வெளி அடுக்கு கொதிக்கும். உள் அடுக்கு குளிர்ந்திருக்கும். இரண்டும் இறுகப் பிணைந்திருந்தால், நீண்ட வெளி அடுக்கு முழுப் பேனலையும் வெளிநோக்கி வில்லாக வளைக்கும். ஆறு மீட்டர் உயரப் பேனலில் இரண்டு அடுக்குகளுக்கும் 25 டிகிரி வேறுபாடு இருந்தால் நடுவில் ஏழெட்டு மில்லிமீட்டர் புடைக்கும். உயரம் பாதியானால் புடைப்பு நான்கில் ஒன்று. தாழ்ந்த தொழுவத்தில் இது கண்ணில் படாது. உயர்ந்த கிடங்கின் மூலையில், ஒன்று தெற்கையும் மற்றது கிழக்கையும் பார்த்த இரு பேனல்கள் சேரும் இடத்தில் பூச்சு கிழிந்து ஈரம் நுழையும். பிணைக்காத பேனலில் வெளி அடுக்கு தன்போக்கில் நீண்டு சுருங்கும். சுவர் நேராகவே நிற்கும். ஆனால் சுமையெல்லாம் உள் அடுக்கின் தலையில்தான். இந்த இரண்டில் எது மேல் என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. தாழ்ந்த, சூடேற்றிய கூடத்துக்குப் பிணைக்காத பேனல். குவியல் தாங்கும் கிடங்குக்குப் பிணைத்த பேனல். கட்டடத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும்.

உருக்குக்கு மாற்று 1980களில் வந்தது. கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து இறுக்கிய ஊசிகள் போதிய வலுவோடு இருந்தன. உருக்கு கடத்தும் வெப்பத்தில் மிகச் சிறு பங்கையே கடத்தின. அமோனியாவுக்குத் துருப்பிடிக்கவும் இல்லை. நுரைப்பலகையில் முன்னரே துளையிட்டு, கீழ் அடுக்கு ஈரமாக இருக்கும்போதே ஊசியைச் செருகித் திருகினால் வேலை முடிந்தது. விளிம்பில் கான்கிரீட் விலா தேவையில்லை. நுரை ஓரத்துக்கு ஓரம் முழுமையாக ஓடியது. இவை பெரும்பாலும் அடுக்குகளைப் பிரியாமல் காத்தனவே தவிர, நழுவலை முழுமையாகத் தடுக்கவில்லை. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் மாஹெர் டாட்ராஸின் குழு அடுத்த அடியை வைத்தது. 1991-இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, 1994-இல் கண்ணாடி இழைத் தண்டையே முக்கோண வரிசையாக வளைத்த பிணைப்பை முன்வைத்தது. 1965-இன் பாடம் வடிவத்திலும், வெப்பப் பாடம் பொருளிலும் சேர்ந்த இடம் இது. இந்த வரலாற்றின் மிக நேர்த்தியான திருப்பம் என்று இதைச் சொல்லலாம். 2000களில் கரிம இழை வலை அதே வேலையை இன்னும் மெல்லிய உருவில் செய்தது.

நுரை வெறும் நிரப்பு அல்ல என்பதும் இதே காலத்தில் தெரியவந்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் புஷ்ஷும் ஸ்டைனும் 1994-இல் வெளியிட்ட சோதனைகளில், முக்கோணக் கம்பிகள் தடுத்ததாக எண்ணிய நழுவலில் கணிசமான பங்கைக் கான்கிரீட்டோடு ஒட்டியிருந்த நுரை தடுத்திருந்தது புலனாயிற்று. மணிமணியான தெர்மோகோலின் சொரசொரப்பில் கான்கிரீட் நன்றாகப் பற்றுகிறது. பிதுக்கி எடுத்த நுரையின் வழுவழுப்பான பரப்பில் அந்தப் பிடி குறைவு. வட கரோலினாவில் கரிம இழை வலை வைத்துச் செய்த சோதனைகளும் இதை உறுதிப்படுத்தின. ஆனால் ஒவ்வொரு கோடையும் குளிரும் இரு அடுக்குகளையும் முன்னும் பின்னும் இழுப்பதால் இந்த ஒட்டு ஆண்டுக்கணக்கில் தளரக்கூடும். தூக்கும் நாளில் அது உதவும் என்று கொண்டு, நெடுங்காலக் கணக்கில் அதை நம்பாமல் விடுவதே கவனமான பொறியாளர்களின் வழக்கமாயிற்று.

பக்கவழிகளும் இருந்தன. கலிஃபோர்னியாவில் விக்டர் வைஸ்மன் 1967-இல் நுரையைச் சுற்றிக் கம்பிக்கூடு பின்னி, தளத்தில் நிறுத்தியபின் இருபுறமும் கான்கிரீட்டைத் தெளித்துப் பூசும் பேனலை உருவாக்கினார். அதே பத்தாண்டில் கனடாவின் வெர்னர் கிரிகோரி நுரையையே அச்சாக்கி நடுவே கான்கிரீட் ஊற்றும் முறைக்குக் காப்புரிமை கோரினார். இரண்டாவது முறை பண்ணைகளில் எடுபட்டாலும், நுரை வெளியே நிற்பதால் எலிக்கும் வண்டுக்கும் எதிராகத் தனி மூடுபலகை தேவைப்பட்டது. மூன்றடுக்குப் பேனலுக்கு அந்தக் கவலை இல்லை.

அமெரிக்க முன்வார்ப்புக் கான்கிரீட் கழகத்தின் குழு 1997-இல் வெளியிட்டு 2011-இல் புதுப்பித்த அறிக்கை முழுப்பிணைப்பு, பிணைப்பின்மை, பகுதிப்பிணைப்பு என்று மூன்று வகைகளை வரையறுத்தது. நடைமுறையில் பெரும்பாலான பேனல்கள் மூன்றாவது வகை. தயாரிப்பாளர் தரும் பிணைப்புச் சதவீதம் ஒரு குறிப்பிட்ட ஊசி, ஒரு குறிப்பிட்ட நுரை, ஒரு குறிப்பிட்ட கனம் ஆகியவை சேர்ந்த சோதனையின் விடை. இவற்றில் ஒன்றை மாற்றினாலும் அந்த எண் செல்லாது. விறைப்புக்கு ஒரு சதவீதம், முறியும் வலிமைக்கு வேறொரு சதவீதம் என்று இரண்டும் தனித்தனியாக வரும். பண்ணைக்குப் பேனல் வாங்குபவர்கள் சுவரின் கனத்தைக் கேட்பதோடு நிற்காமல், அந்த இரு எண்களையும், அவை எந்த நுரையோடு எந்த ஊசியை வைத்துச் சோதித்தவை என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும்.